மூன்று மடங்கு வேகம்

அலை முன்னறிவிப்பு நிலையத்தில் ரமீசாவிடம் கணினி கற்றவர்களில் வியாகுலம்தான் வயதில் மூத்தவர். அவருக்கு ஐம்பத்தொன்று, குருவுக்கு முப்பத்துநான்கு. அதில் அவருக்கு ஒரு கூச்சமும் கிடையாது.

நிலையத்தின் லட்சணம் கரை முழுக்கத் தெரியும். காலை ஒன்பதுக்குத் தொடங்கும் அலைக் கணக்கு, முடியப் பிற்பகல் மூன்றாகும். படகுகளோ இரண்டு மணிக்கே கிளம்பிவிடும். மாதா கோயில் ஒலிபெருக்கியில் எச்சரிக்கை வாசிக்கும்போது, கேட்க வேண்டியவர்கள் கடலில் இருப்பார்கள். வியாகுலத்தின் தம்பி தொம்மையும் அவர்களில் ஒருவன்.

புதுக் கணினியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. நான்கு கம்பெனிகள் ஆளுக்கொன்று இரவல் தந்திருந்தன.

"மேடம், இதுதான்!" என்று ஒருநாள் துள்ளிக்கொண்டு வந்தார். "பழசவிட மூணு மடங்கு வேகம். கம்பெனிக்காரன் பேச்ச நம்பல. அவன் சொன்ன சோதனைய நானே மூணு தடவ ஓட்டிப் பாத்துட்டேன்."

"எந்தச் சோதனை, அண்ணாச்சி?"

"எல்லாரும் ஓட்டுறதுதான். உலகம் பூரா இதுலதான் மார்க் போடுதாங்க."

"நல்லது. அதுலயே நேத்தைய கடலையும் ஓட்டிருங்க."

மறுநாள் காலை, முந்தின நாள் காற்றையும் நீரோட்டத்தையும் ஏற்றி, ஒன்பதுக்கு ஓடவிட்டார். பதினொன்றுக்கு முடிந்துவிடும் என்ற தெம்பில் தம்பிக்குப் போன் போட்டுப் பெருமையும் அடித்துக்கொண்டார்.

பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. முடிந்தபோது மணி இரண்டரை. வியாகுலம் முகத்தில் ஈயாடவில்லை.

"ஏமாத்திட்டானுவ மேடம்."

"இல்லையே. மூணு மடங்கு ஓடுனத நீங்கதான பாத்தீங்க?"

"அப்ப இது ஏன் இப்படி?"

ரமீசா திரையை அவர் பக்கம் திருப்பினார். ப்ராசஸர் எவ்வளவு நேரம் வேலை செய்தது, எவ்வளவு நேரம் காத்திருந்தது என்ற பட்டியல். வியாகுலம் விரல் வைத்து வரிவரியாகப் படித்தார்.

"பாதிக்கு மேல சும்மால்லா நின்னுருக்கு!" என்றார். "சோதனை சின்னக் கணக்கு மேடம். ப்ராசஸருக்குள்ளயே அடங்கிட்டு. நம்ம கடல் அடங்கல. ஒவ்வொண்ணையும் மெமரியில போய் எடுத்தாரணும். வலை தைக்கிறவன் கை எவ்வளவு ஓடுனா என்ன, நூலு வந்து சேரலயே."

ரமீசாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "மத்த மூணும்?"

"அந்தச் சோதனைப் பட்டியல்ல கடைசி மார்க் வாங்குனத அட்டப்பெட்டிய விட்டே எடுக்கல."

"எடுங்க அண்ணாச்சி."

நாளுக்கொன்றாக மூன்றிலும் அதே கடலை ஓட்டினார். இரண்டு மணிக்கு முன்னால் முடித்தது ஒன்றே ஒன்று. அட்டைப்பெட்டியில் கிடந்த அதுதான், ஒன்றேகாலுக்கே முடித்துவிட்டது.

சிபாரிசுத் தாளில், 'வேகம்: எத்தனை மடங்கு' என்று ஒரு கட்டம் இருந்தது. வியாகுலம் வகுத்துப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார்.

"மேடம், ஒண்ணர மடங்குகூட வரல. மூணு மடங்க விட்டுட்டு இதையா எடுக்கீங்கன்னு மேலிடத்துல கேப்பாங்க. இந்தக் கட்டத்துல என்ன எழுத?"

"ஒண்ணேகால் மணின்னு எழுதுங்க" என்றார் ரமீசா. "பக்கத்துலயே, படகு ரெண்டு மணிக்குன்னும் எழுதுங்க."