குறைந்துபோன கருந்தூள்

போனில் செத்தாலும் ஸ்கூட்டரில் செத்தாலும், பேட்டரி கடைசியில் வந்து சேருகிற இடம் தூத்துக்குடிக்கு வெளியே சவரிமுத்துவின் பட்டறை. உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, உடைத்து அரைத்தால் ஒரு கருந்தூள் வரும். கோபால்ட், நிக்கல், லித்தியம் எல்லாம் அதற்குள்தான். அதை ஆசிட்டில் கரைத்துப் பிரிக்கிற வித்தை அங்கே சவரிமுத்து ஒருவருக்குத்தான் தெரியும். அதனால் எல்லோருக்கும் அவர் வாத்தியார்.

சீடர் சூசை வாத்தியாரைவிட வயதில் மூத்தவர், உப்பளத்தை விட்டு வந்தவர். சேதாரம் இல்லாமல் தூள் எடுத்துக் காட்டினால் ஆசிட் வேலையைக் கற்றுத் தருகிறேன் என்று வாத்தியார் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மனிதருக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

வாத்தியார் வெளியூர் போய்த் திரும்பியபோது பட்டறை இருண்டு கிடந்தது. ஜன்னலெல்லாம் சாக்கால் அடைத்திருந்தது.

“தூசி இழுக்கிற ஃபேன் ஏன் ஓடல, அண்ணே?”

“நான்தான் நிறுத்துனேன், வாத்தியாரே. நைசான தூளையெல்லாம் அதுதான் வெளிய தள்ளுது. இப்பப் பாருங்க, எவ்வளவு கூடியிருக்குன்னு!”

பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பிள்ளை மாதிரி நின்றார்.

வாத்தியார் எடை போட்டு, உடைத்த பேட்டரிக்கு வரவேண்டிய கணக்கோடு ஒத்துப் பார்த்தார்.

“இன்னும் குறையுதே.”

சூசை தரையைக் கூட்டி அள்ளினார். சல்லடையைத் தட்டினார். சட்டையைக் கழற்றி உதறினார். அப்படியும் குறைந்தது.

“ஒரு ஈ வெளிய போக வழியில்ல. மிச்சம் எங்க போச்சு, வாத்தியாரே?”

“அரைக்கும்போது கூட யாரு இருந்தா?”

“நம்ம அமலோற்பவம்தான். சலிச்சுக் குடுத்தா.”

சூசையின் மனைவி சல்லடைக்குப் பக்கத்தில்தான் நின்றாள். வாத்தியார் தன் கைக்குட்டையை அவளிடம் நீட்டினார்.

“மதினி, கொஞ்சம் மூக்கைச் சிந்துங்க.”

அவள் கூச்சத்தோடு திரும்பி நின்று சிந்தினாள். வெள்ளைக் கைக்குட்டை கறுத்துப்போனது.

வாத்தியார் சாக்குகளைப் பிடுங்கி எறிந்தார். ஃபேனைப் போட்டார். பிறகு வந்து, கைக்குட்டையைச் சூசையின் உள்ளங்கையில் வைத்தார்.

“இதுல இருக்கிறதை எடுத்துரலாம், அண்ணே. உள்ள போனதை எடுக்கிற ஆசிட் எனக்குத் தெரியாது.”