கிண்ண ராஜாவின் முதுகில் காபி

சவரியார்பட்டணத்தில் தேவராயன், மிக்கேல், ஞானதாசு என்று மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். கோயில் சுரூபங்களுக்கு வர்ணம் அடிக்கிற வேலை. மூவருக்கும் தலை இருந்தது. முடி வெட்டுகிறவரும் பிழைக்க வேண்டுமே.

ஒருநாள் பங்குச்சாமியார் பெர்க்மான்ஸ் அவர்களிடம் ஒரு பெட்டியைக் கொடுத்தார். உள்ளே சீட்டாடுகிற நாற்பது இத்தாலிச் சீட்டுகள். ராஜா, குதிரைக்காரன், கிண்ணம், வாள் எல்லாம் கையாலேயே வரைந்தவை. அந்தக் காலத்தில் கோயிலைக் கட்டிய இத்தாலிச் சாமியார் விட்டுப்போனது. அவருடைய அண்ணன் வழிப் பேத்தி ஞாயிற்றுக்கிழமை வாங்கிப்போக வருகிறாள். "பத்திரமாக இருக்கிறது" என்று பெர்க்மான்ஸ் சாமியார் கடுதாசி போட்டுவிட்டார். போட்ட கையோடு கிண்ண ராஜாச் சீட்டின் முதுகில் காபியையும் கொட்டிவிட்டார்.

"அந்தச் சீட்டு மட்டும் தனியாத் தெரியக் கூடாதுப்பா. நாற்பதும் ஒரே மாதிரி இருக்கணும். என் மானம் உங்க கையில."

மூவரும் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய்த் திறந்தார்கள்.

"மத்ததுல கறையே இல்லையே," என்று கவலைப்பட்டான் மூத்தவன் தேவராயன்.

"காபி போட்டுருவோம்ணே," என்றான் மிக்கேல்.

"சீனி போடாதல. சாமிக்குச் சுகர். கறை வித்தியாசப்படும்."

இவ்வளவு நுணுக்கம் பார்க்க அந்த ஊரில் வேறு ஆள் கிடையாது. மிச்சமிருந்த முப்பத்தொன்பது முதுகிலும் அளந்து ஊற்றி, மதில்மேல் காயவைத்தார்கள்.

ஒரு ஆடு வந்து வாள் ராஜாவின் மூலையைக் கடித்தது. ஆட்டை அவர்கள் விரட்டவில்லை. பிடித்துக் கட்டிப்போட்டு, மற்றச் சீட்டுகளையும் ஒவ்வொன்றாக நீட்டினார்கள். பாதியில் ஆட்டுக்கே அலுத்துப்போய்விட்டது. மீதியை மிக்கேல் கடித்தான்.

"ஆடு கடிச்ச மாதிரி இல்லையேண்ணே," என்றான் ஞானதாசு.

"கீழ்ப்பல்லால கடில. ஆட்டுக்கு முன்னால மேல்பல்லு கிடையாது," என்று மிக்கேலைத் திருத்தினான் தேவராயன்.

சனிக்கிழமை சாயங்காலம் காற்று கிளம்பியது. குதிரைக்காரன் ஒருவன் மதிலிலிருந்து பறந்து, வாய்க்காலில் விழுந்து, கடலைப் பார்த்துப் போயேவிட்டான்.

மூவரும் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"போனது மட்டும் தனியாத் தெரியுமேண்ணே," என்றான் ஞானதாசு.

"ஆமால. சாமி மானம் போயிரும்."

மூவரும் ஒரே நேரத்தில் வாய்க்காலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தது. இத்தாலிக்காரி ஆசையாகக் கையை நீட்டிக்கொண்டு நிற்க, சாமியார் பெட்டியைத் திறந்தார். உள்ளே அடிப்பலகை தெரிந்தது. சாமியார் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார்.

தேவராயன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தான்.

"இதுல காணாமப் போன சீட்டு எதுன்னு அந்த அம்மாவைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்க சாமி, பார்ப்போம்."