கசிந்தது காரா, மச்சானா?

ஊமத்தங்குளத்து ஆட்களை மோசமானவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. யார் சொல்லையும் தட்ட மாட்டார்கள். சொன்னதைச் சொன்னபடியே செய்துவிடுவார்கள். வம்பெல்லாம் அதில்தான்.

அந்த ஊரில் தவசிலிங்கம் என்றொரு நல்ல மனுஷர். அவரிடம் ஒரு பழைய வெள்ளைக் கார். அது நின்ற இடமெல்லாம் எண்ணெய் சொட்டும். தவசிலிங்கம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உழைக்கிற வண்டி, வேர்க்கத்தானே செய்யும் என்பார்.

ஆனால் வருகிற வெள்ளிக்கிழமை மாமனார் வீட்டில் மச்சினிக்கு வளைகாப்பு. மாமனார் புதிதாக முன்வாசல் முழுக்க வெள்ளை டைல்ஸ் பதித்திருந்தார். காக்காய் வந்தால்கூடக் காலைத் துடைத்துவிட்டு உட்காரச் சொல்லுகிறார் என்று பேச்சு. தவசிலிங்கத்தின் மனைவி பொன்னுத்தாய் முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

"அந்த டைல்ஸ்ல ஒரு சொட்டு விழட்டும், நான் எங்கப்பா வீட்டுலயே இருந்துக்கிடுவேன். நீங்க இந்தக் காரோட குடும்பம் நடத்துங்க."

காருக்குச் சோறு பொங்கத் தெரியாது என்கிற அளவுக்குத் தவசிலிங்கத்துக்கு விவரம் உண்டு. உடனே டவுனில் இருக்கும் மெக்கானிக் ஆசீர்வாதத்துக்கு போன் போட்டார்.

ஆசீர்வாதம் ஏதோ ஒரு லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டே பேசினார். "எஞ்சின் பூரா எண்ணெய்ப் பிசுக்கா இருந்தா எங்க கசியுதுன்னு எப்படிய்யா தெரியும்? முதல்ல அதைத் துடைங்க. தண்ணியப் பீச்சி அடிச்சிராதீங்க, கையாலயே துடைங்க. ஒரு சொட்டு எண்ணெய் இருக்கக் கூடாது. அப்புறம் மேல பவுடர் போடுங்க. அடியில நல்ல அட்டையா நாலு போட்டு வைங்க. கசியுற இடத்தை அதுவே காட்டிக் குடுத்துரும். சாயங்காலம் வந்து பாக்கேன்."

தவசிலிங்கம் தனியாகச் செய்கிற வேலை இல்லை இது என்று உதவிக்கு இரண்டு பேரை அழைத்தார். ஒருவர் தங்கை வீட்டுக்காரர், மச்சான் கோமதிநாயகம். காலை வெளியே நீட்டாதீர்கள் என்று பஸ்ஸில் எழுதியிருந்ததால் இறங்க முடியாமல் டெப்போ வரை போய்வந்தவர். இன்னொருவன் சித்தப்பா மகன் வேலாண்டி. அவன் இன்னும் எந்த பஸ்ஸிலும் ஏறியதில்லை.

காரின் மூடியைத் திறந்து வைத்தார்கள். வேலாண்டி பழைய துணி ஒன்றை எடுத்து வந்தான்.

"அது எதுக்குடா?" என்றார் கோமதிநாயகம். "மெக்கானிக் கையாலன்னு சொன்னாரா, துணியாலன்னு சொன்னாரா?"

"கையாலன்னுதான் சொன்னாரு" என்றார் தவசிலிங்கம்.

"அப்ப எந்தக் கையாலண்ணே?" என்றான் வேலாண்டி.

மூவரும் யோசித்தார்கள். சோற்றுக்கை எண்ணெயானால் மத்தியானம் சாப்பாடு என்னாவது என்பது நியாயமான கேள்வியாகப் பட்டது. பீச்சாங்கையாலேயே துடைப்பது என்று முடிவாயிற்று. எந்த வேலைக்கும் அஞ்சாத கை.

துடைத்தார்கள். கை கறுத்தது. கறுத்த கையை எங்கே துடைப்பது என்று அடுத்த சிக்கல். துணியில் துடைத்தால் அது எஞ்சினையே துணியால் துடைத்த கணக்காகிவிடும் என்றார் கோமதிநாயகம். ஆகவே தலையில் துடைத்துக்கொண்டார்கள். மத்தியானத்துக்குள் எஞ்சின் பளபளத்தது. மூன்று தலைகளிலிருந்தும் எண்ணெய் காது வழியாக இறங்கியது.

வேலாண்டி எஞ்சினில் சொருகியிருந்த ஒரு கம்பியை உருவிப் பார்த்துவிட்டு, முகம் வாடி நின்றான்.

"அண்ணே, உள்ளயும் எண்ணெய் இருக்கு. நிறைய இருக்கு."

காலையிலிருந்து பட்ட பாடெல்லாம் வீண் என்று தவசிலிங்கம் எண்ணெய்த் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஒரு சொட்டு இருக்கக் கூடாதுன்னாரு. நீ பானை நிறைய இருக்குங்கிற" என்றார் கோமதிநாயகம். "உள்ள இவ்வளவையும் வச்சிக்கிட்டு வெளியத் துடைச்சா, அது வெளிய வராம என்ன செய்யும்?"

அடியில் இருந்த நட்டைக் கழற்றினார்கள். எண்ணெய் முழுவதும் பொன்னுத்தாயின் இட்லிப் பானைக்குள் இறங்கியது. கடைசிச் சொட்டு விழும்வரை தவசிலிங்கம் பொறுமையாகப் பார்த்திருந்து, நட்டை மறுபடி மாட்டினார்.

பிறகு பவுடர். பொன்னுத்தாய் முகத்துக்குப் போடும் டப்பா முழுவதையும் எஞ்சினுக்குப் பூசினார்கள். பூசி முடித்ததும், பவுடர் போட்ட முகத்தைப் பொட்டு வைக்காமல் வெறுமனே விடலாமா என்று கோமதிநாயகம் மனம் கேட்காமல் நடுவில் ஒரு பொட்டும் வைத்தார்.

மிச்சம் இருந்தது அட்டை. வேலாண்டி குளத்தில் முட்டளவு தண்ணீரில் ஒரு மணி நேரம் நின்று, தன் காலில் பிடித்த ஐந்தைப் பிய்த்துச் சொம்பில் போட்டுக்கொண்டு வந்தான். மெக்கானிக் நல்ல அட்டை என்று சொல்லியிருந்ததால் அதில் ஒல்லியானதைக் கழித்தார்கள்.

தவசிலிங்கத்துக்கு ஒரு சந்தேகம். "அட்டை ரத்தம்லா குடிக்கும். எண்ணெய் குடிக்குமா?"

"காருக்கு ரத்தம் எது மாப்ள?" என்றார் கோமதிநாயகம்.

நாலு அட்டைகளையும் காருக்கு அடியில் விட்டார்கள். எது எங்கே ஒட்டுகிறது என்று பார்க்கக் கோமதிநாயகமே அடியில் போய்ப் படுத்தார். கால் இரண்டும் வெளியே தெரிந்தன.

கால் மணி நேரம் கழித்து, "ஒண்ணும் ஒட்டலையே மாப்ள" என்றபடி வெளியே வந்தார். அவருடைய இடது கெண்டைக்காலில் ஒரு அட்டை, கொழுக்கட்டை மாதிரி பருத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. வேலாண்டி உப்பு போட்டு அதை விழ வைத்தான். அந்த இடத்தில் ரத்தம் மெல்லக் கசிந்தது.

மூவரும் அந்தக் காலையே பார்த்தார்கள். பிறகு தவசிலிங்கமும் வேலாண்டியும் கோமதிநாயகத்தின் முகத்தைப் பார்த்தார்கள்.

"மச்சான்" என்றார் தவசிலிங்கம், மெதுவாக. "கசியுற இடத்தை அட்டை காட்டிக் குடுக்கும்னு சொன்னாரு."

கோமதிநாயகம் நிலத்தில் உட்கார்ந்தார். "நானா மாப்ள?"

"நீங்க ஏறின அன்னைக்கெல்லாம் கார் கசிஞ்சுதா இல்லையா?"

"கசிஞ்சுது. ஆனா நான் ஏறாத அன்னைக்கும் கசிஞ்சுதே."

"அது முந்தின நாள் மிச்சம்" என்றான் வேலாண்டி.

கோமதிநாயகம் பெருந்தன்மையான ஆள். "எனக்கே ரொம்ப நாளா சந்தேகம்தான். கார்ல உக்காந்தாலே முதுகெல்லாம் ஈரமாகும்" என்று ஒப்புக்கொண்டார். வளைகாப்புக்குத் தான் வரவில்லை என்றும் அவரே சொன்னார். தவசிலிங்கத்துக்குக் கண் கலங்கியது.

சாயங்காலம் ஆசீர்வாதம் வந்தார். பவுடரும் பொட்டுமாக இருந்த எஞ்சினைக் கண்டதும் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று தயங்கினவர் போல நின்றார். இட்லிப் பானையைப் பார்த்தார். மூன்று தலைகளையும் பார்த்தார். பிறகு காருக்கு அடியில் போய் அந்த நட்டைக் கழற்றினார். அதற்குள் இருந்த வாஷர் அப்பளம் மாதிரி நொறுங்கிக் கையோடு வந்தது. புது வாஷர் போட்டு, நட்டை இறுக்கி, புது எண்ணெய் ஊற்றி, வண்டியை ஓட விட்டுப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை.

"இந்த வாஷர்தான்யா அத்தனைக்கும் காரணம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தவசிலிங்கம் அவர் போகிற திசையைப் பார்த்து நின்றார். "மச்சான் மனசு நோகக் கூடாதுன்னு பழியை வாஷர் மேல போட்டுட்டுப் போறாரு. தங்கமான மனுஷன்."

வெள்ளிக்கிழமை கார் மாமனார் வீட்டு வெள்ளை டைல்ஸில் மத்தியானம் வரை நின்றது. மாமனார் நாலு தடவை குனிந்து பார்த்தார். பளிங்கு மாதிரி இருந்தது. பொன்னுத்தாய் புருஷனுக்கு ஒரு அப்பளம் அதிகமாக வைத்தாள்.

"சொட்டுறதை எப்படி மாப்பிள்ளை நிறுத்தினீங்க?" என்றார் மாமனார்.

"எங்க வீட்டு மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வரல, மாமா. அவ்வளவுதான்."

வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். ஆனால் இவர் ஊமத்தங்குளத்துக்கு யோசித்துப் பெண் கொடுத்தவர். கொல்லைப்பக்கம் தண்ணீர் மோட்டார் ஒரு மாதமாகக் கசிவதை அவர் நினைத்துக்கொண்டார். சின்ன மாப்பிள்ளை, அதாவது வளைகாப்புக்காரியின் புருஷன், கன்னத்தில் சந்தனத்தோடு உட்கார்ந்திருந்தார். அவரைத் தனியாக அழைத்துப் பேசி, கையில் புளியோதரைப் பொட்டலத்தைக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார்.

மோட்டாரைப் போட்டுப் பார்த்தார்கள். கசிந்தது.

"எனக்கு ரெண்டே மாப்பிள்ளைதான்" என்றார் மாமனார், யாரையும் பார்க்காமல்.

தவசிலிங்கம் நேர்மையான ஆள். எழுந்து கார் சாவியை மாமனாரிடம் கொடுத்தார். பொன்னுத்தாய் வளையல் தட்டோடு பின்னால் ஓடிவந்து எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள். "மோட்டாருக்கும் எனக்கும் ஆகலையாம்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

பஸ் புறப்பட்ட சமயம் அந்த ஊரில் கரண்ட் போயிற்று. மோட்டார் நின்றது. தவசிலிங்கத்தின் போன் அடித்தது.

"மாப்பிள்ளை, சுத்தமா நின்னுபோச்சு."

தவசிலிங்கத்துக்கு நெஞ்சு நிறைந்தது. ஊமத்தங்குளம் நிறுத்தம் வந்தது. அதற்குள் அங்கே கரண்ட் வந்திருந்தது. இறங்க எழுந்தபோது மறுபடி போன்.

"மறுபடி சொட்டுது மாப்பிள்ளை. இப்ப எங்க இருக்கீங்க?"

"எங்க ஊருக்கு வந்துட்டேன், மாமா."

"அந்தத் தூரம் பத்தாது போல."

தவசிலிங்கம் திரும்ப உட்கார்ந்தார். இந்த பஸ் கடைசியாக எங்கே போகும் என்று கண்டக்டரைக் கேட்டார்.

"தூத்துக்குடி."

"அதுக்கு அப்புறம்?"

"அதுக்கு அப்புறம் கடல்."

தவசிலிங்கம் டிக்கெட் எடுத்துக்கொண்டு போனைக் காதில் வைத்தார். "மாமா, மோட்டார்கிட்டயே நின்னு பாத்துக்கிட்டு இருங்க. கப்பல் ஏறணுமா, கரையிலயே நின்னா போதுமான்னு நீங்கதான் சொல்லணும்."