ஐம்பதாம் பக்கத்துக்கு ஒரு கத்தி

தொடக்கப்பள்ளி நூலகத்துக்குத் தன் வீட்டுப் புத்தகங்களைக் கொடுக்க வந்த ரைஸ்மில் முதலாளி குழந்தைவேலுவின் பெருமை ஓய்ந்தபாடில்லை. "அத்தனையும் நான் பத்துத் தடவை படிச்சதாக்கும்!"

அங்கே மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தாள் சத்துணவு ஆயா செங்கமலம். முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தான் கொண்டுவந்த புத்தகங்களில் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"நீயும் படிக்கிறியா? இந்தா, இதுல ஐம்பதாம் பக்கத்தைப் படி பார்ப்போம்!"

அவள் புரட்டினாள், தடவினாள், சமையற்கட்டுக்கு ஓடிக் காய் நறுக்கும் கத்தியோடு திரும்பினாள்.

முதலாளி இரண்டடி பின்வாங்கினார். "கத்தி எதுக்கும்மா?"

"அச்சாபீஸ்ல ஓரத்தை வெட்டாம விட்டுட்டாங்க ஐயா. ரெண்டு தாளும் ஒட்டியிருக்கு, ஐம்பதாம் பக்கம் உள்ளே மாட்டிக்கிட்டிருக்கு. நீங்க பத்துத் தடவையும் எப்படிப் படிச்சீங்க?"

பிள்ளைகள் மொய்த்தார்கள். கத்தி சரக்கென்று ஓடியது. உள்ளே என்னதான் இருக்கிறதென்று முதலில் எட்டிப் பார்த்தவர் முதலாளிதான்.