ஒன்பது சூடு

மடத்தில் நான்கு குதிரைகள் இருந்தன. நான்கும் ஒரே லாயத்தில் நின்று ஒரே வைக்கோலைத் தின்றன. மூச்சிரைப்பு அவற்றில் செவலைக்கு மட்டும் வந்தது.

லாயத்தைப் பார்த்துக்கொண்ட சீடர் தில்லைநாயகத்துக்கு வயது ஐம்பது. தாயில்லாக் குட்டியாக வந்த செவலைக்குத் துணியை நனைத்துப் பால் புகட்டி வளர்த்தவர் அவர்தான். தை பிறப்பதற்குள் குணமாகாவிட்டால் அதை மலைக்காட்டில் விட்டுவிடுவதாக மடத்துக் காரியஸ்தர் சொல்லியிருந்தார். அங்கே செந்நாய்கள் உண்டு.

குரு மருதப்ப அடிகள் லாயத்துக்குள் கால் வைப்பதில்லை. எப்போதும் வாசலோடு சரி. சாமிக்கு லத்தி நாற்றம் ஆகாது என்று மற்றவர்கள் சிரித்துக்கொள்வார்கள். மெல்லுகிற வாய்க்கு ஏதாவது வேண்டுமே.

தில்லைநாயகம் வாசலுக்கு வந்து கேட்டார்.

"சாமி, நாலும் ஒரே தூசியத்தான் மூக்குல இழுக்குது. இதுக்கு மட்டும் ஏன்?"

"சூடு எத்தனை போட்ட?"

"ஏழு. வாரத்துக்கு ஒண்ணு. கட்டிப்போட்டு, வைக்கோலக் காட்டி, தின்னும்போதே வச்சிடுவேன்."

"போட்ட புண்ணு?"

"ஒண்ணும் ஆறல. பக்கத்துல நிக்கிற குதிரை கருப்பனுக்கு முள்ளு கிழிச்ச காயம் பத்து நாள்ல மூடிடுச்சு. இதுக்குச் சீழ் வடியுது."

"சூடு போதும்."

"நீங்க எழுதின வைத்திய ஏட்டுல ஒன்பதுன்னு இருக்கே, சாமி."

"நான்தான் போதும்னு சொல்றேன்."

"ஏட்டுல இருக்கறதும் உங்க கையெழுத்துதான்" என்றார் தில்லைநாயகம், மிகவும் பணிவாக.

குருவின் ஏட்டைக் காட்டியே குருவின் வாயை அடைக்கும் பக்தி சில சீடர்களுக்கு உண்டு. அதற்கு எந்த வைத்தியத்திலும் மருந்து கிடையாது.

அடிகள் வாதாடவில்லை. இரைப்புக்கு ஒரு வேர் இருக்கிறது, தெற்கே கடற்கரையில் கிடைக்கும், போய்க் கொண்டுவா என்று அனுப்பிவிட்டார். போக வர நாற்பது நாள் நடை.

தில்லைநாயகம் மார்கழிக் கடைசியில், வெடித்த பாதங்களோடு திரும்பினார். மடியில் வேர் இருந்தது. வாசலில் நின்றபடியே லாயத்துக்குள் பார்த்தார். செவலையின் புண்கள் மூடியிருந்தன. விலா அமைதியாக இருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"யார் சாமி வைத்தியம் பாத்தது?"

"யாரும் பாக்கல."

"வைக்கோல மாத்தினீங்களா?"

"அதே வைக்கோல். அதே தூசி. எப்பவாச்சும் ரெண்டு தும்மல், அவ்வளவுதான்."

தில்லைநாயகம் வெறுங்கையோடு உள்ளே ஓடினார்.

செவலை தலையைத் தூக்கியது. பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்கு வராது என்பார்கள். கட்டிப்போட்ட குதிரை எங்கே போகும்? அதன் மூக்குத் துவாரங்கள் விரிந்தன. விலா ஏறி இறங்கியது. நெஞ்சுக்குள்ளிருந்து பழைய சீழ்க்கைச் சத்தம் கிளம்பியது. அப்போது அதன் முன்னால் ஒரு துரும்பு வைக்கோல்கூட இல்லை.

தில்லைநாயகம் வெளியே வந்தார். தை பிறக்க இன்னும் ஆறு நாள் இருந்தது.

உள்ளே இரைப்பு மெல்ல மெல்ல அடங்குவதை இருவரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"பொழைக்கணும்னுதானே போட்டேன்?"

"ஆமா."

"ஏட்ட எழுதினது நீங்கதானே?"

"நான்தான். அப்ப என்கிட்டயும் ஒரு குதிரை இருந்துச்சு."

தில்லைநாயகம் மடியிலிருந்த வேரை எடுத்துத் தரையில் வைத்தார்.

"நான் எப்ப சாமி அதுகிட்டப் போகலாம்?"

"என் குதிரை செத்தே இருபது வருஷமாச்சு" என்றார் அடிகள். "நான் இன்னும் வாசல்லதான் நிக்கிறேன்."