தொங்கும் சக்கரம்

எங்கள் மடத்தில் ஒரு வண்டி இருந்தது. வெளிநாட்டு ஜீப். உள்ளே தோல் சீட்டு, மரம் பதித்த டேஷ்போர்டு, மழை பெய்தால் தானாகவே ஆடும் வைப்பர். ஈரோட்டு மில் முதலாளி ஒருவர் பதினைந்து வருடம் காடு மேடெல்லாம் ஓட்டி, மூன்று லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டர் தேய்த்துவிட்டு, பிறகு பக்தி வந்து எங்களுக்குக் கொடுத்தார். பக்தி கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாம் என்று நான் நினைத்ததுண்டு.

மடம் கொல்லிமலை மேலே. கீழே போக எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் அந்த வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, யோசித்து, அப்புறம் நிமிரும். ஒரு பள்ளத்துக்கு மூன்று தடவை குதிக்கும். மடத்துச் சமையல்காரன் மாரப்பன் நான். அரிசி, பருப்போடு அதில் வாரம் ஒருமுறை ஏறி வருவது என் தலையெழுத்து.

அம்மா எங்கள் குரு. வயது நாற்பத்தொன்று. சேலத்தில் பதினான்கு வருடம் நர்ஸாக இருந்தவர். சீடர்கள் ஏழு பேர். ஏழு பேரும் அவரைவிட மூத்தவர்கள், ஏழு பேருக்கும் அவர் அம்மாதான்.

அந்த ஏழு பேரில் ஒருவர் செங்கோட்டுவேல் அண்ணன். ஐம்பத்திரண்டு வயது. திருச்செங்கோட்டில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் ஃபோர்மேனாக இருந்தவர். மனைவி இறந்து நாலு வருடம். ஒரே மகள் கோகிலா. அவர் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாமென்று சொல்லி, தனக்குப் பிடித்த பையனைக் கட்டிக்கொண்டு ராசிபுரம் போய்விட்டாள். அன்று வீட்டில் இரண்டு நாற்காலிகள் உடைந்தன என்று கேள்வி. மறுநாள் வீட்டைப் பூட்டிவிட்டு மலையேறி வந்தவர்தான், திரும்பிப் போகவில்லை.

வந்த எட்டாவது மாதம் அம்மாவிடம் போய் நின்றார்.

“அம்மா, எனக்குக் கோவம் போயிருச்சுங்க. எட்டு மாசமா ஒருத்தர் மேலயும் வரலைங்க. காவி குடுத்துருங்க.”

“கோவம் வர்ற மாதிரி யாராச்சும் ஏதாச்சும் பண்ணாங்களா?”

“இங்க யாருங்க பண்றாங்க?”

அம்மா சிரிக்கவில்லை. எனக்குத்தான் சிரிப்பு வந்தது.

“வண்டி ஆட்டம் தாங்க முடியலைன்னு மாரப்பன் சொல்றார். அதைச் சரி பண்ணுங்க. அப்பறம் பாக்கலாம்.”

காவிக்கும் வண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் முகம் கேட்டது. வாய் கேட்கவில்லை.

நாலு ஷாக் அப்சார்பர், நாலு ஸ்பிரிங், ஒரு கூடை நிறைய ரப்பர் புஷ் எல்லாம் புதிதாகக் கோயம்புத்தூரிலிருந்து வந்தன. புஷ் என்பது ஒன்றுமில்லை. சக்கரத்தைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் நீள இரும்புக் கையின் நுனியில் ஒரு கண் இருக்கும், அதற்குள் உட்காரும் ரப்பர் வளையம்தான் அது. ரோட்டின் ஆட்டத்தை வாங்கிக்கொள்ளும். பழையதைப் பிதுக்கி எடுக்கவே அவருக்கு ஒரு வாரம் ஆனது.

பதினைந்தாம் நாள் வண்டி மலையிறங்கியது. நானும் ஏறினேன். எழுபது வளைவும் தூக்கம் வருகிற மாதிரி போனது. செங்கோட்டுவேல் அண்ணன் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்தார்.

ஒரே மாதம். முன் சக்கரத்துப் பக்கம் கீச்சென்று ஒரு சத்தம். அடுத்த வாரம் இரண்டு சத்தம். அவிழ்த்துப் பார்த்தால் புது ரப்பர் பழைய செருப்பு மாதிரி கிழிந்து கிடந்தது.

“மட்டமான சரக்கு,” என்றார்.

வேறு ஊரிலிருந்து வேறு புஷ் வந்தது. மாட்டினார். அதுவும் ஒரு மாதம்தான். மறுபடியும் கீச்.

“இதும் மட்டம்,” என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

“கோவமா அண்ணா?” என்று கேட்டேன்.

“எனக்கெங்கடா கோவம்? கோவம்தான் போயிருச்சே!” என்று ஸ்பேனரைத் தகரக் கூரை மேல் எறிந்தார். அதை எடுக்க நான்தான் ஏணி கொண்டுவந்தேன்.

மூன்றாவது தடவை ரப்பர் வெளிநாட்டிலிருந்தே வந்தது, பிளாஸ்டிக் பையில் முத்திரையோடு. மந்திரம் சொல்லாத குறையாக மாட்டினார். இருபத்தாறாம் நாள், நாற்பதாவது வளைவில், நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருக்கும்போது அது கீச்சென்றது. அவர் வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, சக்கரத்துக்குப் பக்கத்தில் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கும் அழுகை வருகிற மாதிரி இருந்தது. மூட்டையில் தக்காளி நசுங்கிக்கொண்டிருந்தது வேறு.

அந்த வாரம்தான் கோகிலா போன் செய்தாள். மடத்துப் போன் சமையல்கட்டில் இருப்பதால் எடுப்பது எப்போதும் நான்தான்.

“அண்ணா, அப்பாகிட்ட சொல்லுங்க. வர்ற ஞாயித்துக்கிழமை எனக்கு வளைகாப்பு. ஏழு மாசம் ஆச்சுங்க. முடிஞ்சதும் பொறந்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும். அம்மா இல்லை. அப்பாவும் வரலைன்னா என்னை யாருங்கண்ணா கூட்டிட்டுப் போவாங்க? வீடு பூட்டியே கெடக்குது.”

மூன்று தடவை கடிதம் போட்டுப் பதில் வராத பெண் அவள். ஆனாலும் குரலில் குறை இல்லை. போய்ச் சொன்னேன்.

அவர் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். கால் மட்டும் வெளியே தெரிந்தது.

“அந்தப் பந்தத்தையெல்லாம் விட்டுட்டேன்னு சொல்லிரு.”

“ஏழு மாசம் அண்ணா.”

“காதுல விழுந்துது.”

“நீங்களே சொல்லுங்க. எனக்கு வாய் வராது.”

கால் அசையவில்லை. அந்தக் காலை ஒரு உதை விடலாமா என்று இருந்தது. மடத்தில் இருக்கிறேனே என்று பேசாமல் வந்துவிட்டேன். வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

மறுநாள் ஸ்பேனர் நழுவி, அவருடைய வலது முழங்காலில் அடித்துவிட்டது. நல்ல வீக்கம். தானே துணி சுற்றிக்கொண்டு மாலை பிரார்த்தனைக்கு வந்தார். சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒரு நிமிடம் பொறுத்தார். காலை நீட்டினார். மறுபடி மடக்கினார். கட்டை இழுத்துவிட்டார். ‘ஸ்ஸ்’ என்றார். நாங்கள் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு அவரைத்தான் கவனித்துக்கொண்டிருந்தோம்.

அம்மா எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“என்ன?”

“கட்டு அறுக்குதுங்கம்மா. நல்லாத்தான் கட்டினேன். நின்னாத் தெரியல, உக்காந்தா உசுரு போகுது. துணி மட்டமுங்க.”

“துணியா?” அம்மாவின் குரலில் முதல் தடவையாக ஒரு சலிப்பு கேட்டது. “கால எப்படி வச்சுட்டுக் கட்டினீங்க?”

“நீட்டிட்டுத்தானுங்க. நீட்டினாத்தான் கட்ட வருது.”

“பொழுதுக்கும் நீட்டிட்டேதான் இருக்கப் போறீங்களா?”

“இல்லீங்க.”

அம்மா கட்டை அவிழ்த்தார். “மடக்குங்க,” என்றார். மடக்கினார். மடக்கிய காலில் அதே துணியைச் சுற்றிக் கட்டினார்.

“இப்ப உக்காருங்க.”

உட்கார்ந்தார். முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தார். அவர் வாய் மெதுவாகத் திறந்தது. அப்படியே எழுந்து, பிரார்த்தனைக்கு நடுவில், நொண்டிக்கொண்டே வண்டிக் கொட்டகைக்கு ஓடினார். நானும் பின்னாலேயே போனேன். பிரார்த்தனை நாளைக்கும் இருக்கும்.

“மாரப்பா,” என்றார். “ஜாக்கி போட்டுத் தூக்கி நிறுத்துனா சக்கரம் என்ன பண்ணும்?”

“தொங்கும்.”

“தொங்கறப்பத்தானடா மூணு தடவையும் போல்ட்ட முறுக்கினேன்!”

எனக்குப் புரியவில்லை. ஒரு புஷ்ஷைக் கையில் எடுத்துக்கொண்டு காட்டினார். போல்ட்டை இறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். சக்கரம் தொங்கும்போது பிடித்த ரப்பர், வண்டி தரைக்கு வந்து எடை ஏறியதும் திருகிக்கொள்ளும். ஓடாமல் சும்மா நின்றாலும் திருகியபடியேதான் நிற்கும். அப்புறம் கிழியாமல் என்ன செய்யும்?

“லாரியில பட்டை ஸ்பிரிங். தூக்கி வச்சே முறுக்குவோம், ஒண்ணும் ஆகாது. அதே புத்தி. இருபத்தஞ்சு வருசத்துப் புத்தி.” நெற்றியில் அடித்துக்கொண்டார். “ரப்பர் என்னடா பண்ணுச்சு பாவம். மூணு ஊருக்காரனையும் திட்டினேன்.”

புதன்கிழமை காலை, நாலாவது தடவையாக வரவழைத்திருந்த ரப்பரை மாட்டி, எல்லா போல்ட்டையும் லூசாகவே விட்டு, வண்டியைத் தரையில் இறக்கினார். பிறகு எங்கள் எல்லாரையும் உள்ளே ஏறச் சொன்னார். அம்மா முன் சீட்டில் உட்கார்ந்தார். பின்னால் அரிசி மூட்டைகளும் நாங்களும். வண்டி உயரமானது என்பதால் அடியில் நுழைய இடம் இருந்தது. அவர் மல்லாந்து படுத்து உள்ளே போனார்.

முறுக்குகிற சத்தம் ஒன்று கேட்டது. இரண்டு கேட்டது. எனக்கு அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வந்தது. கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தேன்.

“எறங்காத! எவன்டா எறங்கறது?” என்று அடியிலிருந்து ஒரு கத்தல். “எடை ஏறட்டும்! அப்பறந்தான் முறுக்கோணும்! எத்தனை தடவை சொல்றது?”

மலையே கேட்டிருக்கும். காலை உள்ளே இழுத்துக்கொண்டேன். பால் பொங்கி வழிந்து போனது. அம்மா கண்ணை மூடியபடி உட்கார்ந்திருந்தார்.

ஒரு மணி நேரம் கழித்து முகமெல்லாம் கிரீஸோடு அவர் வெளியே வந்தார். “கோவமில்லைங்கம்மா,” என்றார். “சத்தமாச் சொன்னேன், அவ்வளவுதானுங்க.”

“கேட்டுது,” என்றார் அம்மா.

அன்று மத்தியானம் நாங்கள் இருவரும் மலையிறங்கி ஏறினோம். ரசத் தூக்கைத் திறந்தபடியே என் மடியில் வைத்துக்கொண்டேன், சோதிக்கத்தான். எழுபது வளைவு போக, எழுபது வளைவு வர. ஒரு சொட்டு என் வேட்டியில் விழவில்லை. போகும்போது ரசம் எப்படி இருந்ததோ வரும்போதும் அப்படியே இருந்தது.

வந்து இறங்கியதும் கைகூடக் கழுவாமல் அம்மா முன்னால் போய் நின்றார். அம்மா முற்றத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் கொஞ்சம் தள்ளிக் கீரை ஆய உட்கார்ந்தேன்.

“வண்டி வேலை முடிஞ்சுதுங்கம்மா. இனி கிழியாது.”

“கிழியாதுன்னு எப்படித் தெரியும்?”

“எடையோட முறுக்கியிருக்கறனுங்க.”

“சரி.”

“இப்பக் கேக்கலாமுங்களா?”

“கேளுங்க.”

“காவி.”

அம்மா ஒரு துணியை மடித்து முடித்தார்.

“ஞாயித்துக்கிழமை அந்த வண்டி ராசிபுரம் போகணும். ஏழு மாசப் புள்ளத்தாச்சி ஒருத்திய ஏத்தித் திருச்செங்கோட்டுல விடணும். குலுங்காமப் போகுமா?”

செங்கோட்டுவேல் அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். நான் கீரையைப் பார்த்தேன்.

“வண்டி போகுமுங்க,” என்றார். குரல் இறங்கிவிட்டது. “மாரப்பன் கூடப் போகட்டுமுங்க. வேற யாராச்சும் ஓட்டட்டும்.”

“வீட்டுச் சாவி யாருகிட்ட இருக்குது?”

அவர் இடுப்பில் கை வைத்தார். ஒரு வருடமாக அந்தச் சாவி அரைஞாண் கயிற்றில்தான் இருந்தது. அதை மட்டும் அவர் எங்கேயும் விடவில்லை.

“அம்மா, நான் சொல்லிர்றனுங்க. அங்க போனா என்ன ஆவேன்னு எனக்கே தெரியாதுங்க. அந்தப் பையன் மூஞ்சியப் பாத்தா, அவ அழுதுட்டு வந்து முன்னால நின்னா, ஒரு வருசமாச் சேத்து வச்சதெல்லாம் ஒரு நிமிசத்துல அறுந்துருமுங்க. இங்க இருந்தா நான் நல்லா இருக்கறனுங்க.” கண்ணைத் துடைத்ததில் கிரீஸ் கன்னமெல்லாம் பரவியது. “காவி குடுத்துருங்கம்மா. முதல்ல அதக் குடுத்துட்டீங்கன்னா, கட்டிக்கிட்டு அப்பறம் வேணா போறனுங்க.”

அம்மா மடித்த துணியைக் கீழே வைத்தார். வண்டிச் சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். நிஜமாகவே அலுத்துப்போன ஒரு மனுஷியின் முகம் அது.

“எடை ஏறட்டும்,” என்றார். “அப்பறந்தான் முறுக்கோணும். எத்தனை தடவை சொல்றது?”