வெக்கை போன இடம்

“அம்மா, இந்த வெக்கையில கண்ணை மூடி உட்காரவே முடியலை,” என்றார் ஏகாம்பரம். “முதுகுல வேர்வை ஓடுது. மனசு அது பின்னாடியே ஓடுது.”

“எது வரைக்கும் ஓடுது?” என்று கேட்டார் திலகவதி அம்மா.

“இடுப்பு வரைக்கும்.”

“பரவாயில்லையே. மத்தவங்களுக்கு கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வருது.”

வேலூர்ப் பக்கத்தில் ஒரு சிறிய மடம். திலகவதி அம்மாதான் அங்கே குரு. சித்திரை மாதம். கத்திரி வெயிலுக்கு இன்னும் நாள் இருந்தது. ஆனால் அந்த வருஷம் வெயில் பஞ்சாங்கம் பார்க்கவில்லை.

ஏகாம்பரம் பாத்திரக் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு மடத்துக்கு வந்தவர். அம்மாவைவிட இருபது வயதாவது மூத்தவர். அதனால் அம்மா அவரை ‘ஐயா’ என்பார், அவர் அம்மாவை ‘அம்மா’ என்பார். புதிதாக வந்தவர்களைத் தவிர யாரும் இதைக் கேட்டுச் சிரிப்பதில்லை.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். உபதேசம்.

அந்த மடத்தில் அதற்கு நாள் நட்சத்திரம் எல்லாம் கிடையாது. அம்மா ஒருவரைப் பார்த்து, “நாளைக்கு விடியக்காலையில குளிச்சுட்டு வாங்க” என்பார். மறுநாள் உபதேசம். அவ்வளவுதான்.

ஏகாம்பரத்துக்குப் பின்னால் வந்தவர்கள்கூடக் குளித்துவிட்டு வந்தாயிற்று. ஏகாம்பரமும் தினமும் குளித்துக்கொண்டுதான் இருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. வெளியே சொல்லிக்கொள்ளாவிட்டாலும் அது அவருக்கு வலித்தது.

எல்லாவற்றுக்கும் வெக்கைதான் காரணம் என்று முடிவு செய்திருந்தார்.

“நான் சின்னப் பையனா இருந்தப்போ இப்படி இல்லை அம்மா. இப்போ வீட்டுக்கு வீடு ஏசி போட்டாச்சு. அப்படியும் ஊர்ல வெக்கை வருஷா வருஷம் ஏறிக்கிட்டே போகுது. ஏன்னே தெரியலை.”

“எனக்கும் தெரியலை,” என்றார் அம்மா.

“உலகமே சூடாகுதுன்னு டிவியில சொல்றாங்க. யாரோ எங்கேயோ பண்றதுக்கு நாம அனுபவிக்கிறோம்.”

“யாரோ எங்கேயோ பண்றாங்க,” என்று அம்மா தலையாட்டினார்.

ஏகாம்பரம் தொண்டையைச் செருமினார். “தியான மண்டபத்துக்கு ஒரு ஏசி வாங்கிப் போடட்டுமா? முழுக்க என் செலவு.”

“தாராளமா.”

அம்மா மறுப்பார் என்று நினைத்துப் பெரிய வாதமே தயார் செய்து வைத்திருந்தார். அதை எடுத்துவிட வழியில்லாமல் போனதில் அவருக்குச் சின்ன ஏமாற்றம்.

ஏசி வந்தது. குளிர் தரும் பெட்டியை மண்டபத்துக்குள் மாட்டினார்கள். இரைச்சல் போடும் பெட்டியைப் பின்பக்கச் சந்துச் சுவரில் மாட்டினார்கள். சந்தைப் பார்த்த ஜன்னலைச் சாத்தி, இடுக்கிலெல்லாம் துணியை அடைத்தார்கள். ரிமோட் ஏகாம்பரத்தின் வேட்டி மடிப்பில் குடியேறியது.

மண்டபம் ஜில்லென்று ஆனது. தியானத்துக்கு எட்டிப் பார்க்காதவர்கள்கூட நேரத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள். சிலர் குறட்டை விடும் அளவுக்கு ஆழ்ந்துபோனார்கள்.

ஏகாம்பரம் அம்மா முன்னால் போய் நின்றார். “இப்போ வேர்வை இல்லை அம்மா. மனசும் ஓடலை.”

“சந்தோஷம் ஐயா. எனக்கு ஒரு சந்தேகம். மண்டபத்துல இருந்த வெக்கை எங்கே போச்சு?”

ஏகாம்பரத்துக்கு உடம்பு சிலிர்த்தது. இதுதான் அந்தக் கேள்வி. இதற்குப் பதில் சொல்லிவிட்டால் குளியல்தான்.

அன்று முழுக்க யோசித்துவிட்டு வந்தார்.

“வெக்கை அழிஞ்சு போச்சு அம்மா.”

“அடப் பாவமே. காரியமெல்லாம் ஒழுங்கா பண்ணினீங்களா?”

திரும்பிப் போனார். மறுநாள் பாதிக் கண்ணை மூடியபடி வந்தார்.

“வெக்கைங்கறது மனசுல இருக்கிறது. மனசு அடங்கினா வெக்கையும் இல்லை, குளிரும் இல்லை.”

“ரொம்பச் சரி. அப்போ அந்தப் பெட்டியைக் கழட்டிடலாமா?”

ஏகாம்பரத்தின் கை தானாக இடுப்பிலிருந்த ரிமோட்டைப் பிடித்துக்கொண்டது.

அடுத்த நாள் காலை அவர் மனநிலை சரியில்லை. பூஜைக்குப் பூ கொண்டு வந்த ரஞ்சிதம் அதில் மாட்டிக்கொண்டாள். பின்பக்கச் சந்தில், மடத்துச் சுவர் நிழலில் உட்கார்ந்து பூ கட்டி விற்கிறவள். மடத்துக்குப் பல வருஷமாக அவள் பூதான்.

“என்ன பூம்மா இது? மொட்டா கேட்டா எல்லாம் விரிஞ்சு தொங்குது. நேத்தும் இப்படித்தான்.”

“வெக்கைங்க. சாக்கை நனைச்சுப் போட்டு வச்சும் நிக்க மாட்டேங்குது. வாங்குறவங்களும் பாத்துட்டுப் போயிடுறாங்க.”

“வெக்கை உனக்கு மட்டுமா? எங்களுக்கு இல்லையா?” என்றார் ஏகாம்பரம். அவர் மண்டபத்து வாசலில் நின்றிருந்தார். முதுகில் சில்லென்று காற்று பட்டுக்கொண்டிருந்தது.

ரஞ்சிதம் அவரைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் கதவைப் பார்த்தாள். “நாளைக்கு நல்லதா கொண்டாரேங்க,” என்றாள்.

“நாளைக்கும் இப்படின்னா நாங்க வேற ஆளைப் பாத்துக்கறோம்.”

உள்ளே அம்மா விளக்குத் திரியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

ரஞ்சிதம் போனதும் ஏகாம்பரம் அம்மாவிடம் வந்தார். யோசித்து யோசித்து அலுத்துப்போயிருந்தது.

“அம்மா, இதுல பெரிசா ஒண்ணும் இல்லை. வெக்கை வெளியே போச்சு. அவ்வளவுதான்.”

அம்மா நிமிர்ந்தார். “வெளியேன்னா?”

“வெளியேன்னா வெளியேதான்.” கொசுவை விரட்டுவதுபோல் கையை வீசிக் காட்டினார்.

“நான் அந்த இடத்தைப் பார்த்ததே இல்லை. போய்ப் பார்த்துட்டு வரேன்.”

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மதியச் சாப்பாட்டுக்கு அம்மா வரவில்லை. அதற்குப் பிறகு நடக்கும் தியானத்துக்கும் வரவில்லை. எல்லோரும் குளிரில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்க, ஏகாம்பரம் மட்டும் எழுந்து தேடப் போனார். அறையில் இல்லை. தோட்டத்தில் இல்லை. கடைசியில் பின்பக்கச் சந்துக்குள் நுழைந்தார்.

அம்மா ரஞ்சிதத்தின் பக்கத்தில் சாக்கில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தார். மிக மோசமாகக் கட்டினார். தலைக்கு மேலே பெட்டி ஊதிக்கொண்டிருந்தது. முகம் சிவந்து, புடவை முதுகோடு ஒட்டியிருந்தது. எதற்கோ இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“அம்மா, இங்கே என்ன பண்றீங்க?”

“வெக்கையைத் தேடி வந்தேன் ஐயா. இங்கேதான் இருக்கு. சௌக்கியமா இருக்கு. வாங்க, வந்து உட்காருங்க.”

உட்கார்ந்தார். இட்லிப் பானையைத் திறந்ததுபோல் முகத்தில் அடித்தது. கூடையில் மல்லிகை மொத்தமும் விரிந்து, ஓரம் பழுத்துக் கிடந்தது.

ஏகாம்பரம் பூவைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். பிறகு ரஞ்சிதத்தை நேராகப் பார்க்க முடியவில்லை.

“ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“மடத்துச் சுவருங்க. நிழலுக்கு உட்கார விட்டிருக்கீங்க. அதுக்கு மேல நான் என்னாத்த சொல்றது?”

“காலையில நான் பேசினதை மனசுல வச்சுக்காதம்மா,” என்றார். அவருக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

ஆனாலும் வியாபாரி. எழும்போதே வழி கண்டுபிடித்துவிட்டார். “பெட்டியை வேற பக்கம் மாத்திடறேன் அம்மா. இன்னிக்கே ஆளைக் கூப்பிடறேன்.”

“நல்ல யோசனை. யாருமே இல்லாத பக்கமா பார்த்து மாட்டுங்க.”

ஏகாம்பரம் மடத்தைச் சுற்றி வந்தார்.

தெருப்பக்கத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் சுவரோடு சுவராக ஒட்டி நின்றார்கள். தெருவில் நிழல் என்று இருந்தது அது ஒன்றுதான்.

வடக்கே சமையற்கட்டு ஜன்னல். சமையல்காரர் வேதகிரி விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தார். “எனக்கு ஒரு அடுப்பு போதும் சார்.”

தெற்கே பக்கத்து வீட்டு ஜன்னல். உள்ளே தூளி தொங்கியது. பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது. அது அடங்கும்வரை அங்கேயே நின்றுவிட்டு, நுனிக்காலில் நடந்து வந்தார்.

மிச்சம் மொட்டைமாடி. சூட்டில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு ஏறினார். அங்கே ஒரு காக்காகூட இல்லை. இதுதான் இடம் என்று நினைத்தபோது, எங்கிருந்தோ சுடச்சுடக் காற்று கன்னத்தில் அடித்தது.

அடுத்த வீட்டு மாடிச் சுவரில் ஒரு பெட்டி. அது மடத்தின் மொட்டைமாடியைப் பார்த்து, சரியாகத் தியான மண்டபத்தின் தலைக்கு மேலே ஊதிக்கொண்டிருந்தது.

ஏகாம்பரத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “சார், சார்” என்று கத்தினார். ஜன்னல் திறந்தது. அந்த மாடியில் குடியிருக்கும் பாங்க் அதிகாரி எட்டிப் பார்த்தார். நல்ல மனிதர். தோளில் சால்வை போர்த்தியிருந்தார்.

“உங்க வெக்கையை ஏன் சார் எங்க தலையில கொட்டறீங்க?”

“உங்க தலையிலயா?” அவர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். “நான் வெளியேதானே சார் விடறேன்.”

ஜன்னல் மூடிக்கொண்டது. குளிர் போய்விடும் அல்லவா.

ஏகாம்பரம் அப்படியே நின்றார். கால் சுட்டது உறைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வயிறு லேசாகக் குலுங்கியது. பிறகு அடக்க முடியாமல் சிரித்தார். தனியாக வெயிலில் நின்று, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பாங்க் அதிகாரி மறுபடி ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, அவசரமாக மூடிக்கொண்டார்.

கீழே சந்தில் அம்மா நிமிர்ந்து பார்த்தார். “இடம் கிடைச்சுதா ஐயா?”

“எல்லாப் பக்கமும் ஆள் இருக்காங்க அம்மா. ஒரே ஒரு இடம்தான் மிச்சம்.”

“எது?”

ஏகாம்பரம் மாடியிலிருந்து இறங்கினார். நேராக மண்டபத்துக்குள் போனார். இடுப்பிலிருந்து ரிமோட்டை எடுத்து அமுக்கினார். இரைச்சல் நின்றது. ஜன்னல் இடுக்கிலிருந்த துணிகளை உருவிப் போட்டுவிட்டு, ஜன்னலின் இரண்டு கதவையும் தள்ளித் திறந்தார்.

சந்திலிருந்து மதிய வெக்கை உள்ளே வந்தது. கூடவே கொஞ்சம் காற்றும் மல்லிகை வாசனையும் வந்தன. ஜன்னலுக்கு அப்பால் ரஞ்சிதம் எழுந்து நின்று எட்டிப் பார்த்தாள்.

தியானத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்தார்கள்.

“என்ன சார், கரண்ட் போச்சா?”

“இல்லை,” என்றார் ஏகாம்பரம். “போன வெக்கை திரும்பி வந்திருக்கு. எல்லாரும் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்க. அதுக்கும் இடம் வேணும்.”

இரண்டு பேர் முணுமுணுத்துக்கொண்டு எழுந்து போனார்கள். மற்றவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். ஏகாம்பரம் காற்று எட்டாத மூலையாகப் பார்த்துச் சம்மணம் போட்டார்.

அம்மா வாசலில் வந்து நின்றார். கையில் கோணல் மாணலாக ஒரு முழம் பூ.

“ஐயா.”

“அம்மா.”

“நாளைக்கு விடியக்காலையில குளிச்சுட்டு வாங்க.”

ஏகாம்பரத்தின் மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு வேர்வை மடியில் விழுந்தது.

“இப்பவே குளிச்ச மாதிரிதான் அம்மா இருக்கேன்,” என்றார்.